கருக்கொள்ளல்: மிட்டாய் விழுந்ததும் பானம் ஏன் பீறிடுகிறது?

பெட்டிக்கடையில் எலுமிச்சை சோடா கலக்கும்போது பாருங்கள். உப்பு விழுந்த கணமே நுரை தம்ளரின் விளிம்புவரை ஏறும். கடைக்காரர் சற்றே கையை நிறுத்தி, நுரை அடங்கிய பிறகுதான் மீதிச் சோடாவை ஊற்றுவார். டயட் கோக் புட்டிக்குள் மென்டோஸ் மிட்டாய்களைப் போட்டால் பானம் ஆளுயரத்துக்கு மேல் பீறிடுவதும் இதே வகைதான்.

இதை வேதிவினை என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த இயற்பியலாளர் டோன்யா காஃபி தம் மாணவர்களோடு சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், பீறிடுவதற்கு முன்னும் பின்னும் பானத்தின் அமிலத்தன்மை மாறவில்லை. நடப்பது முழுக்க இயற்பியல். குமிழியோ படிகமோ துளியோ ஓர் இடத்தைப் பற்றித் திரளத் தொடங்கும் அந்நிகழ்வின் பெயர் நியூக்ளியேஷன். தமிழில் அதை எப்படிச் சொல்வது?

இலத்தீனில் 'நுக்ஸ்' என்றால் ஓடுள்ள கொட்டை. 'நியூக்ளியஸ்' அதற்குள் இருக்கும் பருப்பு. பிறகு அணுவின் மையத்துக்கும் உயிரணுவின் மையத்துக்கும் அதுவே பெயரானது. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. சிலர் நியூக்ளியேஷனை 'அணுக்கருவாக்கம்' என்று பெயர்க்கிறார்கள். சோடாவில் எந்த அணுக்கருவும் உருவாவதில்லையே! மாணவரைத் திசைதிருப்பும் சொல் அது.

உண்மையில் நடப்பது என்ன? பானத்தில் கரியமில வாயு அழுத்தத்தால் கரைந்திருக்கிறது. மூடியைத் திறந்ததும் அது வெளியேறத் துடிக்கும். ஆனால் புதுக் குமிழி பிறப்பது எளிதன்று. திரவத்தின் பரப்பைச் சுருங்க இழுக்கும் பரப்பு இழுவிசை, மிகச் சிறிய குமிழியை நசுக்கிவிடும். மென்டோஸின் மேல்தோல் கைக்கு வழவழப்பாக இருந்தாலும், அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் ஏராளம். அவற்றில் சிக்கிய காற்றோடு வாயு சேர்ந்து குமிழியாகிறது. மிட்டாய் கனமாதலால் விரைந்து அடிவரை மூழ்குகிறது. கீழிருந்து கிளம்பும் குமிழிகள் மேலிருக்கும் பானத்தையெல்லாம் தள்ளிக்கொண்டு வருகின்றன. டயட் பானத்தில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு, பரப்பு இழுவிசையைத் தளர்த்தி இதற்குத் துணைபோகிறது.

நியூக்ளியேஷனுக்குக் 'கருவாக்கம்' என்ற பெயர்ப்பு பரவாயில்லை. எனினும் மிட்டாய் எதையும் ஆக்குவதில்லை, இடம்தான் கொடுக்கிறது. வாயு தானே திரள்கிறது. ஆகவே 'கருக்கொள்ளல்' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மேகம் கருக்கொண்டது என்று நாம் சொல்லிவருகிறோம். மழைத்துளியும் தூசு, உப்புத் துகள்களைப் பற்றித்தான் திரள்கிறது. குமிழிக்குக் 'குமிழி கருக்கொள்ளல்', படிகத்துக்குப் 'படிகம் கருக்கொள்ளல்' என்று இச்சொல் எளிதாக விரியும்.

ஒரு கற்கண்டுக் கட்டியை உடைத்துப் பாருங்கள். நடுவே நூல் இருக்கும். சர்க்கரை கருக்கொண்டது அந்த நூலில்தான்.