கடலுக்குப் போகிற வழியில் ஒரு ராத்திரி

கிருஷ்ணகிரியில் டிராவல்ஸ் நடத்துகிறேன். புதுச்சேரி, ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று கேட்டு வருபவர்களுக்கு வண்டியும் ரூமும் ஏற்பாடு செய்வதுதான் பிழைப்பு. எங்கள் மாவட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று வருபவர் அபூர்வம். பெங்களூரிலிருந்து புதுச்சேரி போகிறவர்கள் இங்கே டீ குடிக்க நிற்பார்கள், அப்புறம் ஊத்தங்கரை, திருவண்ணாமலை என்று போய்க்கொண்டே இருப்பார்கள்.

இந்தப் பக்கம் வந்தாலும் ஒகேனக்கல் மட்டும்தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை, இல்லையென்றால் ஆடிப் பதினெட்டு. எண்ணெய்க் குளியல், பரிசல், மீன் வறுவல், சாயந்திரம் கிளம்பிவிடுகிறார்கள். பாறை இடுக்கில் ஷாம்பு பாக்கெட்டுகள் மிஞ்சும். ராத்திரி தங்குகிறவர்தான் மெஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் காலை டிபன் கடைக்கும் காசு கொடுக்கிறார். கடற்கரைக் கூட்டத்தை உள்மாவட்டங்களுக்குத் திருப்பலாம் என்று யாராவது பேசினால், அவர்கள் எங்கே தூங்குவார்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

மழைக்கணக்கும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் கடற்கரை புக்கிங் ரத்தாகும். ஆடி, ஆவணியில் கர்நாடகத்தில் நல்ல மழை பெய்தால், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் அளக்கிற கன அடி ஏறும், ஒகேனக்கலில் பரிசலை நிறுத்திவிடுவார்கள். ஒரே இடத்தை நம்பினால் வந்தவருக்கும் ஏமாற்றம், பரிசல்காரருக்கும் அன்றைய கூலி போச்சு.

அப்படி ஓர் ஆடியில் பரிசல் நின்றுபோன நாள், 12 பேர் வந்த வேனை எங்கள் மாவட்டத்து மல்லச்சந்திரத்துக்குத் திருப்பினேன். பாறைமேல் பெருங்கற்காலக் கல்திட்டைகள், இறந்தவர்களுக்காக அந்தக் காலத்தில் கட்டிய கல் அறைகள். பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்து, ஒரு பலகையில் வட்டமாகத் துளை போட்டிருப்பார்கள். ஒரு பையன் துளைக்குள் தலையை விட்டு, "உள்ளே ஜில்லுனு இருக்குண்ணா" என்றான். திரும்பிப் பார்த்தால் அவன் அண்ணன் மூடுகல்மேல் நின்று செல்ஃபி எடுக்கிறான்! இறங்குப்பா என்று கத்தினேன். வேனிலேயே சொல்லிக் கூட்டிவந்திருக்க வேண்டும். சொல்லவில்லை. கழிப்பறைக்கு என்ன வழி என்றும் யோசிக்கவில்லை. கூட வந்த பெண்கள் பட்ட பாடு எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

கடற்கரை நெரிசலை அப்படியே பெயர்த்து இங்கே கொட்டினால் இதுதான் நடக்கும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வந்ததே, வண்டிகளை எண்ண ஆரம்பிக்க அவ்வளவு காலம் ஆகிவிட்டது. மல்லச்சந்திரம் மாதிரி இடங்களில் கூட்டம் சேருவதற்கு முன்பே எண்ண ஆரம்பிக்கலாம்.

இப்போது நான் கல்திட்டைக்கு நாளுக்கு ஒரு வண்டிக்கு மேல் அனுப்புவதில்லை. புதுச்சேரிக்கு மூன்று ராத்திரி கேட்பவர்களிடம், இரண்டு அங்கே, ஒன்று இங்கே என்று பேசிப் பார்க்கிறேன். வெயில் ஏறுமுன் ராயக்கோட்டை மலைக்கோட்டை, சீசன் என்றால் மாந்தோப்பு, ராத்திரி தெரிந்த விவசாயி வீட்டில் சாப்பாடும் படுக்கையும். வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்குத் தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள். பத்துப் பேரிடம் சொன்னால் இரண்டு பேர் சரி என்கிறார்கள்.

போன மாதம் வந்த பெங்களூர்க் குடும்பத்துக்கு அந்த வீட்டு அம்மா கேழ்வரகுக் களி கிண்டிப் போட்டார். மென்று தின்னப் பார்த்த பிள்ளைகளிடம், "மெல்லக் கூடாது சாமி, கொழம்புல தொட்டு முழுங்கணும்" என்று உருட்டிக் காட்டினார். புதுச்சேரி போய்ச் சேர்ந்தபின் அவர்கள் எனக்கு ஃபோன் செய்தார்கள், அந்தக் குழம்பில் என்ன கீரை போட்டார்கள் என்று கேட்க.