புயல் விட்ட கேபிளைப் பெக்கோ வெட்டும்

கார்த்திகை, மார்கழிப் புயல்களுக்கு இலங்கையின் வன்னி புதிய பாதை அல்ல. 1964 டிசம்பரில் வவுனியாவை ஊடறுத்துப் போனது ஒன்று. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவி, மன்னார்ப் பக்கம் இறங்கிப் போனது. இப்படி ஒரு காற்றுக்கு மறுநாள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "போன் கோபுரம் நிமிர்ந்துதானே நிற்குது, ஏன் சிக்னல் இல்லை?"

கோபுரம் விழுவது அரிது. முதலில் விழுவது கரண்ட். கோபுரத்தடிக் கருவிகள் 48 வோல்ற் நேரோட்டத்தில் ஓடுகின்றன. 200 அம்பியர் மணி பற்றரி என்றால் கணக்குப்படி 9.6 கிலோவாற் மணி, 1.5 கிலோவாற் இழுக்கும் நிலையத்துக்கு அது ஆறு மணித்தியாலத்துக்குப் போதும். ஆனால் வன்னி வெயிலில் சில வருடம் கிடந்த ஈய அமிலப் பற்றரி அதில் பாதி தந்தாலே பெரிய காரியம். ஏறக்குறைய 43 வோல்ற்றுக்கு இறங்கினால் கருவி தானாகவே பற்றரியைத் துண்டிக்கும். அந்தத் துண்டிப்பைத் தாண்டி வயர் போட்டு "இன்னும் ஒரு மணித்தியாலம்" ஓட விட்டால், கரண்ட் வந்த பிறகும் அந்தப் பற்றரி எழும்பாது.

பிறகு ஜெனரேற்றர். சிறிய ஒன்றுக்கே மணிக்கு ஒன்றரை, இரண்டு லீற்றர் டீசல் வேண்டும். ஒரு நாளைக்கு 40 லீற்றர் என்று வையுங்கள். மழையில் மூடி திறந்து கிடந்த பரலில் இருந்து ஊற்றினால் தண்ணீரும் சேர்ந்து போய் இயந்திரம் இருமி நிற்கும். வெள்ளத்துக்குள் டீசல் கொண்டுபோன அத்தனை பாடும் வீண்.

எந்த நிலையத்தை முதலில் எழுப்புவது என்பதில்தான் சண்டை வரும். ஊர்க்கோடிக் கோபுரம் நடுக் கோபுரத்தின் வழியாகத்தான் வெளியுலகோடு பேசுகிறது. நடுக் கோபுரம் படுத்திருக்க ஊர்க்கோடிக்கு ஜெனரேற்றர் கொண்டுபோனால் கருவி ஓடும், பேச்சு போகாது. எனவே வீதியோரப் பெரிய நிலையங்களுக்கே முதல் டீசல் போகும். உங்கள் ஊரை மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். எழும்பிய ஒரு கோபுரத்தின் மேல் மூன்று ஊர்ச் சுமையும் ஏறுவதால், போனில் சிக்னல் கோடு முழுக்கக் காட்டியும் அழைப்பு விழாது. அந்த நேரத்தில் குறுஞ்செய்தி போய்ச் சேரும்.

கோபுரத்தைக் கோபுரத்தோடு வானலையால் இணைக்கும் நுண்ணலைத் தட்டு இருந்தால் அதன் திசையையும் பார்க்க வேண்டும். இரண்டடி விட்டமுள்ள தட்டின் கதிர் ஏறக்குறைய இரண்டு பாகை அகலமே. காற்று ஒரு பாகை திருப்பினாலே இணைப்பு தள்ளாடும். திருப்பிச் சரிசெய்பவர் அவசரத்தில் நடுக் கதிரை விட்டு, அதன் அருகே வரும் பலம் குறைந்த பக்கக் கதிரில் நிறுத்திவிடுவதும் உண்டு. வெயிலில் வேலை செய்யும், அடுத்த மழைக்கு விழும்.

கண்ணாடி இழைகளால் ஒளியைக் கடத்தும் பைபர் கேபிள் தனிக்கதை. இரணைமடுவின் வான்கதவு திறந்தால் முரசுமோட்டைப் பக்கம் தண்ணீர் பரவி, பரந்தன் – முல்லைத்தீவு வீதி மதகுகளின் அடி அரிக்கும். அதோடு கேபிளும் போகும். எங்கே அறுந்தது என்று அளவைக் கருவி சொல்லும், ஆனால் அது சொல்வது இழையின் நீளம், வீதியின் நீளம் அல்ல. கேபிள்களை ஒட்டிய ஒவ்வொரு பொருத்திலும் பத்து, பதினைந்து மீற்றர் சுருட்டி வைத்திருப்பார்கள். அதைக் கழிக்காவிட்டால் சில நூறு மீற்றர் தள்ளி நின்று தேட வேண்டிவரும். கடைசியாகத் தெரிந்த பொருத்தில் இருந்து எண்ணுவதே சரி. இரு முனையிலிருந்தும் அளக்க வேண்டும். ஒரு பக்கத்தால் மட்டும் பார்த்தால் முதல் அறுவைக்கு அப்பால் உள்ள இரண்டாவது தெரியாது. 1310 நனோமீற்றர் அலைநீள ஒளியில் சரியாகவும் 1550 நனோமீற்றரில் இழப்பாகவும் காட்டினால் கேபிள் அறுபடவில்லை, எங்கேயோ மரம் சாய்ந்து மடித்திருக்கிறது.

சேறு புகுந்த முனையில் இரண்டு மூன்று மீற்றர் வெட்டி எறிய வேண்டும். மிச்சக் கேபிள் இல்லையென்றால் நடுவில் துண்டு போட வேண்டும். ஒரு அறுவைக்கு இரண்டு பொருத்து. 24 இழை என்றால் பொருத்து ஒன்றுக்கு இரண்டு, மூன்று மணித்தியாலம். அதனால் பாவனையில் உள்ள இழைகளே முதலில். மின்சூள் வெளிச்சத்தில் சாம்பலும் வெள்ளையும் ஒன்றுபோல் இருக்கும். மாறி ஒட்டினால் இழப்பு அளவு அருமையாக இருக்கும், லைன் மட்டும் வராது.

புயல் விட்டுவைத்த கேபிளைத் துப்புரவு வேலை அறுப்பதுதான் வயிற்றெரிச்சல். மதகு தோண்டும் பெக்கோவின் வாளியில் நிற எச்சரிக்கை நாடா வந்தால் உடனே நிறுத்துங்கள், கேபிள் அதற்குக் கீழேதான் கிடக்கிறது. மரத்தோடு தொங்கும் வயரை மெசின் வாளால் அறுக்காதீர்கள். தொடவும் வேண்டாம்: தொலைபேசி வயர் எங்கோ மின்கம்பியில் தொட்டுக்கொண்டிருக்கலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள் என்று உறுதியான பிறகே கை வைக்கலாம். வீட்டு ஜெனரேற்றரை மாற்று ஆளி இல்லாமல் சுவர்ப் பிளக்கில் கொடுத்தால், நிறுத்திய லைனிலும் கரண்ட் ஓடி, கம்பத்தில் நிற்பவரைக் கொல்லும்.

கேபிளுக்கு மாற்றுக் குழி வெட்டுபவர்களுக்கு: வீதிக்கரையை விட்டு இறங்க வேண்டாம். வெள்ளம் கண்ணிவெடியை இடம் மாற்றும். கண்ணிவெடி என்று எச்சரிக்கும் சிவப்புப் பலகை அடிபட்டுப் போயிருக்கலாம்.

வீட்டு இணையப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் கோளாறு பெரும்பாலும் வெளியில். ரீசெற் ஊசியை அமுக்க வேண்டாம். அமைப்புகள் அழிந்து, கேபிள் ஒட்டிய பிறகும் உங்கள் வீட்டுக்கு மட்டும் ஒருவர் வர வேண்டியிருக்கும். அடப்ரரில் 12 வோல்ற் என்று இருந்தால் 7 அம்பியர் மணிப் பற்றரி ஒன்று ஐந்து மணித்தியாலமளவு தாங்கும். நேர், எதிர் முனையைப் பார்த்துக் கொடுங்கள்.

தண்ணீர் வற்றும்வரை சில இடங்களில் தற்காலிகக் கேபிள் வீதியோரம் நிலத்திலேயே கிடக்கும். காலபோக அறுவடை முடிந்து நெல் காயவிடும் நாளிலும் சிலவேளை அது அங்கேயே இருக்கும். படங்கு விரிக்கும்போது அதை இழுத்து ஒதுக்காதீர்கள், உழவு இயந்திரத்தை மேலே ஏற்றாதீர்கள்.