கூரைக் கூடாரத்தில் இடுப்பு ஏன் வலிக்கிறது? ஒரு மெத்தையின் இயற்பியல்

நமீபியாவில் வாடகைக்குக் கிடைக்கும் டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகளின் மேல், மடித்து வைத்த கூடாரம் ஒன்றோ இரண்டோ இருப்பது சாதாரணக் காட்சி. மாலையில் அதை விரித்து ஏணியில் ஏறினால், கல்லும் முள்ளும் மேடுபள்ளமும் இல்லாத படுக்கை கிடைக்கிறது. ஆனால் அந்தச் சமதளமே சிக்கலுக்கும் காரணமாகிறது. மணல்தரை உடலின் வளைவுக்கு ஏற்பச் சற்றே குழியும். கூடாரத்தின் அடித்தளமாகிய பிளைவுட்டோ அலுமினியத் தகடோ குழியாது. ஆகவே உடலுக்கு இடம் கொடுக்கும் வேலை முழுவதும், பெரும்பாலும் 5 அல்லது 6 செ.மீ. தடிமனுள்ள ஃபோம் மெத்தையின் தலையில் விழுகிறது.

அந்த வேலையை ஃபோம் எப்படிச் செய்கிறது என்பதைப் பார்த்துவிட்டால், எதை வாங்குவது என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். பாலியூரித்தேன் ஃபோம் என்பது ஒன்றோடொன்று இணைந்த நுண்ணிய கண்ணறைகளின் வலை. லேசாக அழுத்தினால் அந்த வலையின் இழைகள் வளைகின்றன. இன்னும் அழுத்தினால் அவை மடங்கிச் சரியத் தொடங்குகின்றன. இந்தக் கட்டத்தில் அழுத்தம் அதிகம் கூடாமலேயே ஃபோம் வெகுதூரம் அமுங்குகிறது. நாம் மென்மை என்று உணர்வது இந்த இரண்டாம் கட்டத்தைத்தான். அதையும் தாண்டினால் கண்ணறைச் சுவர்கள் ஒன்றன்மீது ஒன்று படிந்து, காற்றுக்கு இடமில்லாமல் போய், ஃபோம் சட்டென்று கெட்டியாகிவிடுகிறது. இந்த மூன்றாம் கட்டத்துக்கு வந்துவிட்ட மெத்தையின் மேல் படுப்பதும் வெறும் பலகையில் படுப்பதும் ஏறத்தாழ ஒன்றுதான்.

ஒருக்களித்துப் படுப்பவரின் இடுப்பெலும்பும் தோளும் மெத்தைக்குள் 4 செ.மீ. வரை புதைந்தால்தான் இடையும் விலாவும் மெத்தையைத் தொட்டுத் தம் பங்கு எடையைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். 6 செ.மீ. மெத்தையில் அது மூன்றில் இரண்டு பங்கு அமுக்கம். ஃபோம் கெட்டியாகும் எல்லைக்கு வந்துவிட்டது. 10 செ.மீ. மெத்தையில் அதே ஆழம் 40 விழுக்காடுதான்; ஃபோம் இன்னும் மென்மையான கட்டத்தில் இருக்க, எடை பரந்த பரப்பில் பகிரப்பட்டுவிடுகிறது. இதைச் சோதிப்பது எளிது. ஒருக்களித்துப் படுத்திருப்பவரின் இடுப்புக்கு நேர்கீழே, மெத்தைக்கும் தளத்துக்கும் நடுவில் இன்னொருவர் உள்ளங்கையைச் செருகிப் பார்க்கலாம். எலும்பின் முனை கையில் தெளிவாக உறுத்தினால் அந்த மெத்தை அவருக்குப் போதாது.

கடையில் ‘40 டென்சிட்டி’ என்று சொன்னால் கெட்டியான ஃபோம் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். டென்சிட்டி என்பது ஒரு கனமீட்டர் ஃபோமின் எடை மட்டுமே. 40 கிலோ ஃபோமை மென்மையாகவும் செய்யலாம், கெட்டியாகவும் செய்யலாம். டென்சிட்டி முக்கியமாகச் சொல்வது ஆயுளை. மாதக்கணக்கில் மடித்து, வெயிலில் காயும் கூடாரத்துக்குள் நெருக்கிக் கட்டிவைத்த ஃபோம் பழைய தடிமனுக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. டென்சிட்டி குறைந்தவை இதில் சீக்கிரம் தோற்கின்றன.

உறுத்துகிறது என்பதற்காக மிருதுவான ஃபோமுக்கு மாறுவது, என் பார்வையில், அடிக்கடி நடக்கும் தவறான சிகிச்சை. மிருதுவானது இன்னும் விரைவாக அடிதட்டும். அடியில் 5 செ.மீ. கெட்டி ஃபோமும் மேலே 3 செ.மீ. மென்மையான ஃபோமும் வைப்பதே பொருத்தம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: 240 செ.மீ. நீளத் தளம் நடுவில் மடியும் வகைக் கூடாரத்தில் கீல் 120 செ.மீ.யில், கிட்டத்தட்ட இடுப்புக்கு அடியிலேயே வருகிறது. மடிப்பதற்காகக் கெட்டி அடுக்கை அங்கே வெட்டினாலும், மேலடுக்கை வெட்டாமல் ஒரே துண்டாக விட வேண்டும்.

மேலடுக்காக மெமரி ஃபோமைப் போடலாமா? 1966-இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காகச் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய இந்தப் பொருள், உடல் வெப்பத்தில் இளகி உருவத்துக்கு ஏற்பப் படிகிறது, குளிரில் இறுகிவிடுகிறது. ஜூலை மாதத்தில் காலஹாரிப் பாலைவனத்தின் ஓரத்தில் இரவு வெப்பநிலை உறைநிலையைத் தொடுவதுண்டு. அங்கே படுத்த முதல் சில நிமிடங்களுக்கும், புரண்டு புதிய இடத்துக்கு நகரும் ஒவ்வொரு முறையும் அது கட்டை போலத்தான் இருக்கும்.

குளிரைப் பொறுத்தவரை கூரைக் கூடாரம் தரைக்கூடாரத்தைவிட ஒரு விதத்தில் மோசமானது, ஏனென்றால் அதன் வெளியே நீட்டிய பாதியின் அடியில் இரவு முழுவதும் காற்று ஓடுகிறது. ஃபோமின் வெப்பத்தடை அதன் தடிமனுக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் அமைவதால், 6 செ.மீ. மெத்தை இடுப்புக்கடியில் 2 செ.மீ.யாக நசுங்கும்போது அந்த இடத்தின் காப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. உறுத்தும் இடமே குளிரும் இடமாகவும் இருப்பது இதனால்தான். போர்வை எத்தனை போட்டாலும் அது மேல்பக்கத்துக்கு மட்டுமே உதவும்.

காற்று மெத்தையும், உள்ளே ஃபோம் வைத்துத் தானே காற்றை இழுத்துக்கொள்ளும் மெத்தையும் இடத்தை மிச்சப்படுத்துகின்றன. ஆனால் அவற்றுக்குள் இருப்பது வாயு என்பதை மறக்கக்கூடாது. மாலை 30 பாகை செல்சியஸில் நிரப்பிய காற்று இரவில் 10 பாகைக்குக் குளிர்ந்தால் சுமார் 7 விழுக்காடு சுருங்குகிறது. விடியும்போது மெத்தை தளர்ந்திருப்பதற்கு ஓட்டை காரணமாக இருக்கவேண்டியதில்லை. கடல்மட்டத்திலுள்ள நமீபியக் கடற்கரை நகரமான ஸ்வாகோப்மண்டில் வால்வை மூடி, மெத்தையைச் சுருட்டாமல் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு, சுமார் 1,650 மீட்டர் உயரத்திலுள்ள விண்ட்ஹூக்குக்கு ஏறினால் நேர்மாறாக நடக்கும்: வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவதால் மெத்தை உப்பி, உள்ளே ஃபோமைப் பிடித்திருக்கும் ஒட்டு பிரிந்துவிடக்கூடும். பயணத்தின்போது வால்வு திறந்தே இருக்கட்டும்.

அதே ஸ்வாகோப்மண்டில், குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டம் கடற்கரையெங்கும் மூடுபனியைக் கொண்டுவருகிறது. தூங்குபவரின் மூச்சும் தோலும் வெளியிடும் நீராவி ஃபோம் வழியாகக் கீழிறங்கிக் குளிர்ந்த தளத்தைத் தொடுகிறது. 20 பாகையும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 12 பாகை. தளம் அதற்குக் கீழே குளிர்ந்திருந்தால் மெத்தையின் அடிப்புறம் நனைந்தே தீரும். அப்படியே மடித்துக் கட்டினால் சில நாட்களில் பூஞ்சணம் பிடிக்கும். மெத்தைக்கும் தளத்துக்கும் இடையே 1 செ.மீ. காற்றோட்டமுள்ள வலைவிரிப்பையோ, ரப்பர் பாலில் தோய்த்த தென்னைநார் விரிப்பையோ போட்டால் நீராவி ஓரங்கள் வழியே வெளியேற வழி கிடைக்கும். படகுகளின் படுக்கைகளுக்கு அடியிலும் இதைத்தான் போடுகிறார்கள்.

வாங்குமுன் அளக்க வேண்டியது மூடிய கூடாரத்தின் உள்ளுயரம். 140 செ.மீ. அகலமும் 240 செ.மீ. நீளமும் கொண்ட 6 செ.மீ. மெத்தை, 40 டென்சிட்டியில் 8 கிலோ வரும்; 10 செ.மீ. ஆனால் 13 கிலோவைத் தாண்டும். ஓடும் வண்டியின் கூரை 75 கிலோ மட்டுமே தாங்கும் என்று கையேட்டில் போட்டிருக்கும் கார்கள் பல. 60 கிலோக் கூடாரத்துக்குப் பின் மீதமிருப்பது 15 கிலோதான், அதற்குள் கூரைக் கம்பிகளின் எடையும் அடங்க வேண்டும். நடுவில் மடியும் கூடாரத்தில் மெத்தை இரண்டாக மடிவதால், கூடுதலாக்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் மூடும்போது இரண்டாகக் கணக்காகும். மூடியைப் பிடித்திருக்கும் கொக்கிகள்தான் அந்த இழுவையை வழி முழுவதும் தாங்குகின்றன.