ஒரே நாடு ஒரே சந்தா: எந்தக் கல்லூரிக்கு உண்டு? இல்லாதவர்கள் ஆய்வுக் கட்டுரையை எங்கே எடுப்பது?

கட்டுரையின் சுருக்கம் மட்டும் திரையில் தெரிந்து, முழுவதும் படிக்க டாலரில் பணம் கேட்கிறதா? உங்கள் கல்லூரியை யார் நடத்துகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் அதை வைத்துத்தான் ஆளைப் பிரிக்கிறது.

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, ஐ.இ.இ.இ. உள்ளிட்ட 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டுகிறது. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இதை நடத்துகிறது. மாணவர் கட்ட வேண்டியது எதுவுமில்லை.

மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களும் மட்டுமே இதில் வரும். கோவை வேளாண் பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம், கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.), அரசு கலைக் கல்லூரிகள், கரும்பு இனப்பெருக்க நிறுவனம் எல்லாம் இந்த வகை. சுயநிதிக் கல்லூரிகளுக்கு முதல் கட்டத்தில் இடமில்லை. கொங்கு மண்டலத்துக்கு இது பெரிய குறைதான். கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை சுயநிதி. அரசு உதவிபெறும் கல்லூரி என்றால் நீங்களாக முடிவுகட்ட வேண்டாம், திட்டத்தின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நூலகரிடம் கேட்டுவிடுங்கள்.

தகுதியுள்ள கல்லூரியில் இருந்தும் கட்டுரை திறக்கவில்லை என்றால், பெரும்பாலும் நீங்கள் மொபைல் டேட்டாவில் இருப்பீர்கள். பதிப்பகத்தின் தளம் கல்லூரி நெட்வொர்க்கின் ஐ.பி. எண்ணைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கிறது. வீட்டிலிருந்து படிக்க ‘இன்ஃபெட்’ என்ற உள்நுழைவு வழி இருக்கிறது. அதற்குக் கல்லூரி பதிந்திருக்க வேண்டும், உங்கள் பெயரில் கணக்கும் இருக்க வேண்டும். இன்னொன்று: ஏதோ ஒரு புரோகிராமை ஓடவிட்டு நூற்றுக்கணக்கில் ஒரே மூச்சில் டவுன்லோடு செய்யாதீர்கள். பதிப்பகம் கல்லூரி முழுவதற்கும் கதவைச் சாத்திவிடும்.

இந்தச் சந்தா திறந்த அணுக்கம் (யாரும் காசில்லாமல் படிக்கும் வசதி) ஆகாது. படிப்பு முடிந்து கல்லூரியை விட்டு வந்தால் வசதியும் போய்விடும். திறந்த அணுக்கக் கட்டுரைக்கு அந்தக் கெடு இல்லை. சுயநிதிக் கல்லூரி மாணவருக்கும் தோட்டத்துக்காரருக்கும் சாயப்பட்டறை வைத்திருப்பவருக்கும் ஒரே கதவுதான்.

தேடும் வரிசையைச் சொல்கிறோம். கட்டுரைக்கென்றே உள்ள அடையாள எண்ணான டி.ஓ.ஐ.யைக் குறித்துக்கொள்ளுங்கள்; 10 என்று தொடங்கும். பிரவுசரில் ‘அன்பேவால்’ என்ற இலவச நீட்சியை நிறுவிவைத்தால், அதே கட்டுரை வேறெங்காவது சட்டப்படி இலவசமாக இருக்கும்போது பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு திறந்து காட்டும். காட்டாவிட்டால் கூகுள் ஸ்காலரில் தலைப்பைப் போட்டு, கீழே ‘எல்லாப் பதிப்புகளும்’ என்பதை அழுத்துங்கள். கட்டுரையாசிரியர் தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைத்த கைப்பிரதி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதில் அச்சு வடிவமும் பக்க எண்ணும் மாறியிருக்கும். மேற்கோள் காட்டும்போது இதழின் விவரத்தையே கொடுங்கள்.

துறைக்குத் துறை இடம் மாறும். இயற்பியல், கணிதம், கணினி என்றால் 1991 முதல் நடக்கும் ஆர்க்கைவ். உயிரியலுக்கு பயோஆர்க்கைவ், வேதியியலுக்கு கெம்ஆர்க்கைவ். இம்மூன்றிலும் இருப்பவை முன்பதிப்புகள், அதாவது இதழில் வருவதற்கு முன் எழுதியவரே பொதுவில் வைப்பவை. பலவும் சக அறிஞர் மதிப்பாய்வு முடியாதவை. மருத்துவத்தில் பப்மெட்டையும் பப்மெட் சென்ட்ரலையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னது அட்டவணை, முழுக் கட்டுரை இருப்பது பின்னதில்.

வேளாண்மைக்கு ‘கிருஷிகோஷ்’. வேளாண் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.ஏ.ஆர்.) வெளியீடுகளும் அதில் கிடைக்கும். இங்கே தேடுசொல்தான் சிக்கல். ஈரோட்டு மஞ்சளின் கிழங்கு அழுகலுக்காக ‘டர்மரிக்’ என்று மட்டும் போட்டால் குர்குமின் மருந்துக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். ‘ரைசோம் ராட்’ என்பதையும் ‘பித்தியம்’ என்ற நோய்க்கிருமியின் பெயரையும் ஆங்கிலத்தில் சேர்த்துப் போடுங்கள். தென்னையின் சுருள் வெள்ளை ஈக்கும் அறிவியல் பெயர்தான் கைகொடுக்கும். 2016இல் இந்தியாவில் முதலில் பொள்ளாச்சிப் பகுதியில் பதிவான பூச்சி அது. ஆண்டு வடிகட்டியை 2016 முதல் வைத்துக்கொண்டால் தேவையற்றது குறையும்.

திருப்பூர்க்காரர்களுக்கு, மத்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் என்.ஐ.எஸ்.சி.பி.ஆர். நிறுவனம் நடத்தும் இணையக் களஞ்சியம். நூலிழை, ஜவுளி ஆராய்ச்சிக்கென்றே அந்த நிறுவனம் வெளியிடும் இதழின் பழைய தொகுதிகளும் அதில் இலவசம். சாயக் கழிவுநீருக்கு ‘டெக்ஸ்டைல் எஃப்ளுவன்ட்’, ‘ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்’ என்று இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள். ஒன்றில் வராதது மற்றதில் வரும். நொய்யல் என்று ஆற்றின் பெயர் போட்டு ‘சோத்கங்கா’விலும் பாருங்கள். இந்தியப் பிஎச்.டி. ஆய்வேடுகளை இன்ஃப்ளிப்நெட் திரட்டிவைக்கும் இடம் அது. ஆய்வேடு அங்கே அத்தியாயம் அத்தியாயமாகப் பிரிந்திருக்கும், முதல் கோப்பை மட்டும் இறக்கிவிட்டு முகப்புப் பக்கம்தான் வந்தது என்று விட்டுவிடாதீர்கள்.

மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை (டி.பி.டி.), அறிவியல் தொழில்நுட்பத் துறை (டி.எஸ்.டி.) பணத்தில் நடந்த ஆய்வென்றால் கட்டுரையைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்பது 2014 டிசம்பரில் வந்த கொள்கை. நடைமுறையில் எல்லாரும் வைப்பதில்லை. ஆனாலும் கட்டுரையின் கடைசியில் நன்றியுரையைப் படித்து யார் பணம் என்று பார்த்துவிடுவது நல்லது. ஆசிரியருக்கு எழுதும்போது அதைக் குறிப்பிடலாம்.

கட்டுரை எழுதுபவர்களுக்கும் ஒரு சொல். திறந்த இதழ்கள் பலவும் வாசகரிடம் வாங்காத பணத்தை ஆசிரியரிடம் வாங்குகின்றன. தேர்ந்தெடுத்த நல்ல இதழ்களில் அந்தக் கட்டணத்துக்கு உதவ, இதே திட்டத்தில் ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் ஒதுக்கீடு உண்டு. ‘ஒரே வாரத்தில் பிரசுரம்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் இதழ்களுக்கு இது பொருந்தும் என்று எண்ண வேண்டாம். தரமான இதழ்கள் என்று யு.ஜி.சி. வைத்திருந்த ‘கேர்’ பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. ஆகவே ‘கேர் அங்கீகாரம்’ என்று இன்னமும் விளம்பரம் செய்கிறவரிடம் எச்சரிக்கை தேவை. திறந்த இதழா என்பதை, அத்தகைய இதழ்களைத் தொகுத்துவைக்கும் டி.ஓ.ஏ.ஜே. என்ற இணையப் பட்டியலில் பாருங்கள்.

எங்கும் கிடைக்காத கட்டுரைக்கு, சுருக்கப் பக்கத்திலேயே தொடர்பு ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். கட்டுரைத் தலைப்பு, டி.ஓ.ஐ., எதற்காக வேண்டும் என்று நான்கு வரி போதும். பத்து நாளாகியும் பதில் இல்லையென்றால் இரண்டாம் ஆசிரியருக்கு எழுதுங்கள். தொடர்பு ஆசிரியர் படிப்பு முடித்து அந்த முகவரியையே விட்டுப் போயிருக்கலாம்.