வார்ட்டிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை

இலங்கையின் வடக்கே வன்னியில் அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாதங்களில் எங்கள் வார்ட்டுக்கு ஒரு வகை நோயாளிகள் கூடுதலாக வருவார்கள். கால் முறிந்தோ காய்ச்சலிலோ வந்து படுத்தவர் முதல் நாள் சாதுவாக இருப்பார். அடுத்த நாள் கை நடுங்கும், வியர்க்கும். மூன்றாம் இரவு போர்வையில் எறும்பு ஊருகிறதென்று தட்டிக்கொண்டிருப்பார். "பேய் பிடிச்சிட்டுது டொக்டர், நூல் கட்டவேணும்" என்பார் மனைவி.

பேயில்லை. வருடக்கணக்காகத் தினமும் குடித்த உடம்புக்கு மது திடீரென்று நின்றுவிட்டது. இது வலிப்பாகி உயிரையும் எடுக்கும். அதனால் தினமும் நிறையக் குடிப்பவரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி வீட்டுக்குள் பூட்டி வைக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள். நடுக்கத்துக்கு மருந்தும் தயமின் (விற்றமின் B1) ஊசியும் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் ஒரு கிழமைக்குள் தெளிந்துவிடுவார்கள்.

தெளிந்த பிறகுதான் சிக்கல். ஒருவருக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினேன். 2009 இல் யுத்தம் முடிந்த பிறகு நித்திரை வராமல் குடிக்கத் தொடங்கியவர். "இனி வாயில வைக்கமாட்டன்" என்றார், உண்மையாகத்தான் சொன்னார். பஸ் தரிப்பிடத்துக்கு நேரெதிரே சாராயக்கடை. அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணித்தியாலம். மூன்று கிழமையில் திரும்பி வந்தார். "நீங்கள் அவருக்குச் சொல்லுறியள், அந்தக் கடைக்கு ஆர் சொல்லுறது?" என்று மனைவி கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஒக்டோபர் 3 மதுவொழிப்பு தினத்தில் என்னைப் பாடசாலைகளுக்குப் பேசக் கூப்பிடுவார்கள். அன்று கடைகள் பூட்டு, முதல்நாள் மாலையே வாசலில் வரிசை. நானும் போய்ப் பேசுகிறேன். கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், என்ன விலை என்று பிள்ளைகள் எனக்குச் சொல்லித் தருகிறார்கள்!

சட்டம் இல்லாமல் இல்லை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது, மதுவுக்கு விளம்பரமும் கூடாது. ஆனால் கடை எங்கே வரவேண்டும் என்பதில் ஊருக்கு என்ன பேச்சு இருக்கிறது? கிளிநொச்சிக்குக் கொடுத்த மதுக்கடை அனுமதிப்பத்திரங்கள் 2024 இல் பாராளுமன்றம் வரை போய் நாறின. அனுமதி கொடுக்குமுன் அந்த ஊர் மாதர் சங்கத்திடம் கேளுங்கள், எங்கள் விபத்துப் பிரிவுப் பதிவேட்டையும் புரட்டிப் பாருங்கள். விற்கும் நேரத்தைக் குறைப்பதும் வரியால் விலையை ஏற்றுவதும் உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்பவை.

"விலை ஏறினால் கசிப்புக்குப் போவார்கள்" என்று உடனே சொல்வார்கள். சரி, கசிப்பு இப்போது மட்டும் இல்லையா? பிடிபடுவது யார் என்று பாருங்கள்: பெரும்பாலும் இரண்டு போத்தல் வைத்திருந்த, தனியே பிள்ளைகளை வளர்க்கிற ஒரு பெண். தண்டம் கட்டுவார், கட்டிய காசை எடுக்க இன்னும் இரண்டு போத்தல் கூட விற்பார். காட்டுக்குள் பரல் கணக்கில் கசிப்புக்குக் கோடா ஊறவைக்கும் முதலாளியின் பெயர் வழக்கேட்டில் வருவது அரிது. அந்த ஆளைப் பிடிப்பதும் அந்தப் பெண்ணுக்கு வேறு தொழிலுக்கு வழி செய்வதும் அரசாங்கத்தின் வேலை. எந்த டொக்டராலும் அதைச் செய்ய முடியாது.

அந்த நோயாளி இப்போது மூன்றாம் முறையாக வார்ட்டில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை துண்டு வெட்டுவேன். மச்சானை மோட்டார் சைக்கிளோடு வரச் சொல்லியிருக்கிறேன், பஸ் தரிப்பிடப் பக்கம் போகாமல் பின்வீதியால் கூட்டிப் போக.