ரியாலியா: ஈபி கார்டும் ஒரு பாடப்புத்தகம்தான்

முதியோர் கல்வி சம்பந்தமா இங்கிலீஷ்ல எதைத் தேடினாலும் இந்த வார்த்தை வந்து நிக்கும், ரியாலியா. ஏதோ பூ பேரு மாதிரி இருக்கு, ஆனா விஷயம் ரொம்ப சிம்பிள். பாடம் நடத்தறதுக்குன்னே தயாரிக்காம, ஜனங்க தினம் கையில புழங்குற பொருளை அப்படியே வகுப்புக்கு எடுத்துட்டு வந்தா அதுக்குப் பேரு ரியாலியா. பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை, ரேஷன் கார்டு, பேங்க் சலான் எல்லாமே இதுல சேரும். ஆன்லைன்ல இருக்கற சாதாரண வெப்சைட்டையும் இப்படிப் பாடமாக்கலாங்கறதுதான் இங்க பேச்சு.

மூலம் லத்தீன். 'ரெஸ்'னா பொருள், அதுல இருந்து 'ரியாலிஸ்', அதோட பன்மைதான் 'ரியாலியா', அதாவது நிஜப் பொருட்கள். நம்ம ஊர்ல மூலைக்கு மூலை போர்டு வெச்சிருக்காங்களே ரியல் எஸ்டேட்னு, அந்த ரியலுக்கும் இதே வேர்தான், பொருள் சார்ந்த சொத்துங்கற அர்த்தத்துல சட்டத்துல இருந்து வந்தது. 'ரெஸ்'ஸுக்கு சொத்துன்னும் அர்த்தம் உண்டு, தமிழ்ல 'பொருள்'ங்கற சொல்லும் அப்படித்தானே, பண்டமும் பொருள்தான் செல்வமும் பொருள்தான், கூடுதலா நம்மகிட்ட சொல்லோட அர்த்தத்துக்கும் அதே பேரு.

அதனால தமிழ்ல என்ன சொல்லலாம்? சட்டுனு 'மெய்ப்பொருள்'னு போட்டுட்டா வள்ளுவர் குறுக்க வந்துடுவாரு, "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" குறள்ல அது உண்மையைக் குறிக்குது, ஈபி கார்டை அங்க கொண்டுபோய் வைக்க முடியாது. 'துணைக்கருவி'யும் சரியா வராது, சார்ட், மின்னட்டை (ஃப்ளாஷ் கார்டு) எல்லாம் துணைக்கருவிதான், ஆனா அதெல்லாம் வகுப்புக்குன்னே செஞ்சது. என் ஓட்டு 'புழங்குபொருள்'க்கு. நாட்டுப்புறவியல்காரங்க ஏற்கெனவே பயன்படுத்துற சொல், கேட்ட உடனே ஆத்தாவுக்கும் புரியும்.

சரி, இதுக்கும் ஆன்லைனுக்கும் என்ன சம்பந்தம்? வயசானவங்களுக்கு எழுத்தறிவு வகுப்பு எடுக்குற தன்னார்வலர்கள் நெட்ல முதல்ல தேடுறது ஒர்க்‌ஷீட். கிடைக்கறதெல்லாம் அ-அம்மா, ஆ-ஆடுன்னு குழந்தைங்களுக்குப் போட்டது, முயலுக்கு கலர் அடிங்கன்னு ஒரு பக்கம் வேற. நாலு புள்ளைய வளர்த்து ஆளாக்குன அம்மாகிட்ட அதைக் குடுத்தா அவங்க மறுநாள் ஏன் வரப்போறாங்க. மத்திய அரசோட புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துல 15 வயசுக்கு மேற்பட்டவங்களுக்குத்தான் வகுப்பே, அதுக்குன்னு உல்லாஸ் ஆப்பும் இருக்கு, அதைப் பயன்படுத்தட்டும். ஆனா பாடத்துக்காகவே செய்யாத வெப்சைட்டுகள்தான் பெரிய சுரங்கம்னு நான் சொல்லுவேன்.

உதாரணத்துக்கு மின்வாரிய சைட்ல இருக்கற பில் கால்குலேட்டர். வீட்ல இருந்து வெள்ளை ஈபி கார்டை எடுத்துட்டு வரச் சொல்லி, இந்த தடவை ரீடிங்ல இருந்து போன தடவை ரீடிங்கைக் கழிக்க வைங்க, கழித்தல் கணக்கு அங்கயே முடிஞ்சது. வந்த யூனிட்டை போன்ல அவங்களையே டைப் பண்ண விடுங்க. அப்புறம் 500 போட்டுப் பாக்கச் சொல்லுங்க, அடுத்து 501. ஒரே ஒரு யூனிட்டுக்கு தொகை எகிறும், ஏன்னா 500 தாண்டினா கட்டண அடுக்கே மாறிடுது. அதுக்கப்புறம் வகுப்புல நடக்கற பேச்சை நீங்க நிறுத்தவே முடியாது.

இதைவிட சூடு பிடிக்கறது பட்டா. அரசோட இ-சேவை தளத்துல மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்து பட்டா எண்ணோ புல எண்ணோ குடுத்தா விவரம் வந்துடும். அதுல புன்செய், நன்செய்னு தனித்தனி கட்டம், பரப்பு மட்டும் ஹெக்டேர்-ஏர் கணக்குல. நம்ம ஜனங்களுக்கு தெரிஞ்சது ஏக்கரும் சென்ட்டும். 1 ஏர்னா கிட்டத்தட்ட 2.47 சென்ட், அப்ப 40 ஏர்னா எவ்வளவுன்னு கேட்டுப் பாருங்க, பள்ளிக்கூடமே பாக்காத மனுஷன் 98, 99ன்னு மனக்கணக்குல சொல்லிட்டு, பட்டாவுல அப்பா பேரை எழுத்துக்கூட்டி படிக்க ஆரம்பிப்பாரு. பேர்ல ஒரு எழுத்து தப்பா இருந்தா அதையும் கண்டுபிடிப்பாரு, அது வேற தலைவலி.

ஸ்க்ரீன்ஷாட் பிரிண்ட் எடுத்துக் குடுத்தா அது ரியாலியாவான்னு கேப்பாங்க. 17ஆம் நூற்றாண்டுல கொமீனியஸ்ங்கற கல்வியாளர் சொன்னதே இதுக்குப் போதும், முதல்ல பொருளையே காட்டு, அது கிடைக்கலைன்னா மட்டும் அதோட படம். 1990களோட தொடக்கத்துல புதுக்கோட்டையில அறிவொளிங்கற எழுத்தறிவு இயக்கத்துல பொம்பளைங்க சைக்கிள் படத்தைப் பாத்தா ஓட்டக் கத்துக்கிட்டாங்க? சிக்னல் இருந்தா சைட்டையே திறங்க, இல்லாத ஊர்ல பிரிண்ட் பரவால்ல.

ஒண்ணே ஒண்ணு, அடுத்தவங்க ஈபி நம்பர், ஆதார், போன் நம்பர் இருக்கற காகிதத்தை போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்ல போட்டுடாதீங்க. மறைச்சிட்டு போடுங்க, இல்ல உங்க வீட்டு கார்டையே கொண்டு போங்க.