நல்லாத்தான் இருக்கேன், எனக்கு எதுக்கு ஹெச்.ஐ.வி. டெஸ்ட்டு?

பாளையங்கோட்டையில் ஒரு நண்பரைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டபோது, “நான் நல்லாத்தான இருக்கேன், எனக்கு எதுக்குவே டெஸ்ட்டு?” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. மருந்து எடுக்காத ஒருவருக்கு உடம்பு நல்லா இருப்பதற்கும், ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் ஓடுகிறது என்பதற்கும் பல வருஷம் சம்பந்தமே இருக்காது.

அந்த அளவைத்தான் வைரல் லோடு என்கிறார்கள், ஒரு மில்லி லிட்டரில் எத்தனை வைரஸ் என்ற கணக்கு. தொற்றிய முதல் சில வாரங்களில் இது 10 லட்சத்தைக்கூடத் தாண்டும். வெளியில் தெரிவது காய்ச்சல், தொண்டை வலி, தோலில் தடிப்பு, சிலருக்கு அதுவும் கிடையாது. ஒரு ஊசியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அடுத்தவருக்கு மிக எளிதாகப் பரவுவது இந்த நாட்களில்தான், ஆனால் சாதாரண டெஸ்ட் தேடுவது வைரஸை எதிர்த்து உடம்பு உருவாக்கும் ஆன்டிபாடியைத்தான்; அது உருவாக 3 வாரம் முதல் 3 மாதம் வரை ஆவதால் இப்போது டெஸ்ட் எடுத்தாலும் நெகட்டிவ் என்று வரலாம்.

அப்புறம் நோய் எதிர்ப்பு சக்தி எதிர்த்து நின்று அளவைக் கீழே தள்ளும். ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு, பலருக்குச் சில ஆயிரத்திலிருந்து லட்சம் வரைக்குள் ஓரிடத்தில் நின்று, வருஷக்கணக்கில் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். வைரஸ் தூங்குகிறது என்றுதான் முன்பு நினைத்தார்கள்.

தூங்கவில்லை. கார்த்திகையில் நிரம்பிய திருநெல்வேலி நயினார்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மட்டம் அசையாமல் நிற்கும், ஆனால் கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், வந்த அளவு மறுகாலில் போய்க்கொண்டே இருக்கும். எவ்வளவு போகிறது என்று தெரிய வேண்டுமானால் வரத்தை அடைத்துப் பார்க்க வேண்டும். 1995-ல் ஆராய்ச்சியாளர்கள் டேவிட் ஹோ குழுவும் ஜார்ஜ் ஷா குழுவும் மருந்தால் செய்தது அதைத்தான்: வைரஸ் உற்பத்தியைத் தடுத்ததும் அளவு சில நாட்களிலேயே மளமளவென்று இறங்கியது. அடுத்த வருஷம் வந்த கணக்கு, ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கோடி வைரஸ் பிறக்கிறது என்றது. இந்தப் போரில் நோய் எதிர்ப்பு சக்திக்கு ஆதாரமான சி.டி.4 அணுக்கள் கரைந்துகொண்டே போகும். மருந்தில்லாவிட்டால் எய்ட்ஸ் நிலைக்கு வரச் சராசரியாக 10 வருஷம், அதுவரை ஆள் வயலுக்குப் போவார், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவார்.

இந்த அளவுதான் பரவலையும் தீர்மானிக்கிறது. உகாண்டாவின் ராக்காய் பகுதியில், ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 415 தம்பதிகளைக் கவனித்து 2000-ல் வெளியிட்டார்கள். அப்போது அங்கே மருந்தில்லை. வைரஸ் 10 மடங்கு கூடினால் துணைக்குத் தொற்றும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு கூடியது. 1,500-க்குக் கீழே இருந்தவர்களிடமிருந்து ஒருவருக்கும் பரவவில்லை.

சரி, இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதுமா? தெரிந்தவர் ஆணுறை போடுவார், ஜாக்கிரதையாக இருப்பார், அது பெரிய விஷயம். ஆனால் தெரிந்ததால் மட்டும் ரத்தத்தில் ஒரு வைரஸ்கூடக் குறையாது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று மருந்துக்குப் போகாமல் இருப்பவருக்கும், ஒன்றும் தெரியாமல் இருப்பவருக்கும் உள்ளே நடப்பது ஒன்றுதான்.

குறைப்பது மாத்திரை. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில், ஹெச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். தினமும் விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் கருவிக்கே எட்டாத அளவுக்கு இறங்கிவிடும், அந்த நிலையில் உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவாது. ஆனால் சில அணுக்களுக்குள் வைரஸ் பதுங்கியே இருக்கும். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் குளம் பழைய மட்டத்துக்கு ஏறிவிடும், அப்போதும் ஆள் பார்க்க நல்லாத்தான் இருப்பார்.